சிறுத்தையின் பலாக்கட்டை

நெய்வேலியில் கூடாரமடித்த சர்க்கஸில் கூண்டு கழுவினார் கொளஞ்சியப்பன். அங்கே சிறுத்தை, செய்ய ஒன்றுமில்லாமல் தன் வாலையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. காடாம்புலியூரிலிருந்து ஒரு பலாக்கட்டையைச் சைக்கிளில் கட்டிவந்து உள்ளே போட்டார். சிறுத்தை நாளெல்லாம் அதைப் பிறாண்டியது. வால் புண் ஆறியது.

மேனேஜர் கட்டையை வெளியே இழுத்துப்போட்டார். "டிக்கெட் வாங்குனவன் சிறுத்தையத்தான்யா பாக்கணும், கட்டைய இல்ல. அடுப்புல வை!"

"ஒரு நாளு நீ உள்ள சும்மா குந்திகினு பாரு, தெரியும்!"

வேலை போயிற்று. கட்டையோடு வீடு திரும்பினார். மூன்றாம் நாள் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தார். வாலில் மறுபடியும் ரத்தம்.

ஆறு ஆண்டுகள் கழித்து அவர் இறந்தபோது, வாசலில் கிடந்த அந்தக் கட்டையைச் சிதைக்குக் கேட்டார்கள். மகள் அதன் நகத்தடங்களின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எவனாவது தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்."