பழைய சட்டையில் எடுத்த படம்

கணபதி பகுதியில் சத்தி ரோட்டை ஒட்டி, இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது எங்கள் மிஷன் அலுவலகம். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். பெயர்தான் டைப்பிஸ்ட், கடிதம் அடிப்பது, போட்டோ எடுப்பது, வருகிறவர்களை அதட்டுவது எல்லாமே என் வேலை. அதட்டுவதில் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு.

இலங்கையிலிருந்து தப்பி வந்து முகாம்களில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளை மிஷன் படிக்க வைத்தது. பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, போட்டோ ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அங்கே யாராவது அதைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு நான் பணம் கட்டுகிறேன் என்றால் ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளியும் ஹாஸ்டலும் கிடைத்துவிடும். யாரும் சொல்லாவிட்டால் படிப்பு அவ்வளவுதான். ஒருமுறை, கையில் கடிகாரத்தோடு நின்ற ஒரு பிள்ளையின் போட்டோ திரும்பி வந்துவிட்டது. பார்த்தால் கஷ்டப்படுகிற பிள்ளையாகத் தெரியவில்லையாம். அது பக்கத்துக் குடிசைக்காரருடைய கடிகாரம், போட்டோவுக்காகக் கட்டிவிட்டது. அன்றிலிருந்து நான் ஒரு சட்டம் போட்டேன். போட்டோவுக்கு வருகிற பிள்ளை பழைய துணியில்தான் வர வேண்டும்.

சத்தியமங்கலத்துக்கு அப்பால் இருந்த முகாமிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு என் சட்டம் தெரியவில்லை. மகளுக்குப் பத்து வயது. வெள்ளைக் கவுன், இரட்டைச் சடையில் சிவப்பு ரிப்பன், முகமெல்லாம் பவுடர். கவுனின் இடுப்பில் ஒரு துணிப்பூ. கையால் தைத்தது, கொஞ்சம் கோணலாக இருந்தது. எனக்குப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏனுங்க, கல்யாணத்துக்கா கூட்டிட்டு வந்தீங்க? இப்படிப் படம் புடிச்சு அனுப்புனா யாருங்க உதவி செய்வாங்க?”

“படம் எடுக்கிறதெண்டால் வடிவா உடுத்தித்தானே மிஸ் வெளிக்கிட வேணும்?” என்றார் அவர்.

சாயங்காலம் முகாமில் ஆள் கணக்கெடுப்பதற்குள் அவர்கள் திரும்பியாக வேண்டும். போய் மாற்றிக்கொண்டு வர நேரமில்லை. ஊரில் நல்ல மனசுக்காரர்கள் கொடுத்த பழந்துணி மூட்டை ஒன்று அலுவலகத்தில் கிடந்தது. அதைக் கிளறி, தோள் கிழிந்த ஒரு சட்டையை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இதைப் போட்டால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்குமோ?”

“கிடைக்குங்க.”

அவரே ரிப்பனை அவிழ்த்தார். அவரே முந்தானையால் பவுடரைத் துடைத்தார். அப்போதும் எனக்குத் திருப்தி வரவில்லை. “தலைய இன்னும் கொஞ்சம் கலைச்சு உடு கண்ணு. சிரிச்சுப் போடாதே” என்றேன். அந்தப் பெண் சொன்னதை அப்படியே செய்தாள்.

புறப்படும்போது, “இந்தப் படத்திலை ஒண்டு எனக்கும் தருவீங்களோ மிஸ்?” என்று அம்மா கேட்டார். பிரிண்ட் போட்டதும் ஒன்றைத் தபாலில் அனுப்பி வைத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

படம் வேலை செய்தது. ஜூனில் மகளை ஹாஸ்டலில் சேர்க்க வந்தவர், பிள்ளையைச் சீருடையும் சடையில் ரிப்பனுமாக என் மேசை முன்னால் நிறுத்தி நன்றி சொன்னார். பிறகு பைக்குள் கைவிட்டு ஓர் உறையை எடுத்தார். நான் அனுப்பிய அதே உறை.

“இதை நீங்களே வைச்சிருங்கோ மிஸ். இவளின்ரை அப்பா இன்னும் அங்கை, இலங்கையிலைதான் இருக்கிறார். மூண்டு வருசமாப் பிள்ளையைக் காணேல்லை. அவருக்கு அனுப்பத்தான் கேட்டனான். இதைக் கண்டால், நாங்கள் இங்கை பட்டினி கிடக்கிறம் எண்டு மனுசன் உயிரை விட்டிடும்.”

குறையாகச் சொல்லவில்லை, பக்குவமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த வெள்ளைக் கவுன் யாருக்காகத் தைத்தது என்பது அப்போதுதான் உறைத்தது. எத்தனை பிள்ளைகளின் தலையைக் கலைக்க வைத்திருக்கிறேன்! வெட்கமாக இருந்தது.

எதிர்ச்சாரியில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. இருவரையும் உடனே அங்கே கூட்டிப்போனேன். என் கைப்பையிலிருந்த பவுடரை எடுத்து நானே பூசினேன். தளர்ந்திருந்த ரிப்பனை நானே இறுக்கிக் கட்டினேன். ஸ்டுடியோக்காரர் ஸ்டூலில் அவளை உட்காரவைத்து விளக்கைப் போட்டார்.

“நல்லா நிமுந்து உக்காரு அம்மணி. அப்பாவுக்குப் போற படமாமா? எங்க, சிரி பாக்கலாம்.”

அவள் சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கை மெல்லத் தலைக்குப் போயிற்று. ரிப்பனின் முனையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“மிஸ், அவிழ்க்கட்டோ?”