ஓக் தெருவின் பதினான்காம் வீடு

ஓமானில், சோஹாருக்கு வெளியே, அமெரிக்கக் கம்பெனி ஒன்று தன் ஆட்களுக்காகக் கட்டிய குடியிருப்பில் என் தம்பி எபின் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறான். எண்பதுகளில் கட்டியது. தங்கள் ஊர்ப் புறநகர் போலவே இருக்க வேண்டும் என்று வரைந்தார்களாம். மதில் கிடையாது. சாய்ந்த கூரை, வாசலில் புல்தரை. தெருக்களுக்கு ஓக், மேப்பிள் என்று இங்கே முளைக்கவே முளைக்காத மரங்களின் பெயர்கள். ஒப்பந்தம் முடிந்து 2006-ல் குடும்பங்கள் கிளம்பின. பாதி வீடுகள் காலி.

காலி வீட்டில் வாரம் ஒரு தடவை எல்லாக் குழாய்களையும் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் வடிகுழாயில் நிற்கும் தண்ணீர் வற்றி, நாற்றமும் கரப்பானும் மேலே வரும். தம்பி ஒரு குழாயையும் விட்டதில்லை. அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து பார்த்தவன் நான்.

அங்கே குடியிருந்து ஊர் திரும்பிய அமெரிக்க என்ஜினியர் ஒருவர், "பதினாலாம் வீட்டை எடுத்துக்கோ, மனைவியைக் கூட்டி வா" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனார். வாய்ச்சொல்தான். தங்க வீடு உண்டு என்று கம்பெனி கையெழுத்துப் போட்டால்தான் அவன் மனைவி சுபிஷாவுக்கு விசா. கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் சேர்ந்திருந்தது இவனுடைய லீவில் மட்டும்.

ஜெபம் செய்யாத வீட்டில் நாங்கள் குடிபுகுவதில்லை. கையெழுத்து வருமுன்பே எபின் ஒரு வெள்ளிக்கிழமை சபை ஆட்களை அழைத்தான்.

"வீடு ஒனக்க பேருக்கு வரட்டும்டே," என்றேன்.

"கர்த்தர் பேருக்கு வந்தாச்சுண்ணே. அவ வந்து எறங்கும்போ ஜெபம் பண்ணின வீடா இருக்காண்டாமா?"

சபைக்கு வரும் நர்ஸ் ஜெபராணி பாட்டை எடுத்துக் கொடுத்தாள். வந்தவர்கள் எல்லோரும் வழக்கம்போல வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஆளில்லாத வீட்டின் புல்தரை முழுக்கச் செருப்பு. ரோந்து வந்த காவலாளி மூசா அதைப் பார்த்து நின்றார்.

"நான் மேல சொல்லாம மறைச்சா என் வேல போயிரும் தம்பி," என்றார். தப்புச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை புது மேனேஜர் கூப்பிட்டார். எபின் என்ஜினியர் பெயரைச் சொன்னான். மேனேஜர் அவருக்குப் போன் போட்டும் எடுக்கவில்லை. "கலாஸ், முடிந்தது," என்று விசா பேப்பரைக் கையெழுத்தில்லாமல் திருப்பித் தந்தார். நானும் போய்க் கேட்டேன். "உனக்கு ஸ்டோரில் வேலை இல்லையா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் எபின் சுபிஷாவுக்குப் போன் போட்டான். போனை என்னிடம் நீட்டினான். சொன்னேன்.

"அந்த வீட்டுல இப்ப யாரு இருக்கா அத்தான்?"

"யாருமில்ல மக்களே."

"பின்ன என்னத்துக்கு..."

எபின் போனை வாங்கிக் காதோடு பிடித்துக்கொண்டான். கார்டில் காசு தீர்ந்ததும் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, பதினாலாம் வீட்டுக் குழாய்களைத் திறந்துவிடப் போனான்.