தண்ணீர் நின்ற பிறகும் ஓடிய கோடு

வேலை நடக்கிறது என்று காட்டுவதற்குச் சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. நிஜமாகவே நடக்கிறதா என்று கேட்டால் அது வேறு டிபார்ட்மெண்ட்.

இணையப் பக்கம் திறக்கும்வரை திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதைப் பார்த்து நீங்களும் பல்லைக் கடித்திருப்பீர்கள். ரயில் டிக்கெட் எடுக்கும்போது, பிள்ளையின் பரீட்சை ரிசல்ட் பார்க்கும்போது, பிரவுசிங் சென்டரில் காசு ஏறிக்கொண்டிருக்கும்போது. அந்த வட்டங்களைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உங்கள் எல்லோரையும்விட எனக்குத்தான் அதன்மேல் கோபம் அதிகம். காரணம், முனிரத்தினம் என்பவரின் இடது கை. அதற்கு வருகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பெயிண்ட் கடைக்கு மாடியில் கரீம் பாய் வெப் டிசைன் கம்பெனி வைத்திருந்தார். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் குடும்பம். இவர் மட்டும் இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று கிளம்பி வந்துவிட்டார். அவர் ஆர்டர் பிடிப்பார், நான் செய்து கொடுப்பேன், அவ்வளவுதான் கம்பெனி. நான் திருநின்றவூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருந்து வருவேன். அதனால் காலையில் ஆபீசுக்குள் நுழையும்போதே பாதிக் கோபம் தயாராக இருக்கும். மீதியை வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

சீக்கிரம் திறந்துவிட்ட குற்றம்

முதல் ஆர்டரே எங்கள் ஊர்ப்பக்கத்து பிளாட் புரமோட்டர் ஒருவருடையது. மனை விற்கிறவர். நாலு படம், ஒரு வரைபடம், ஒரு போன் நம்பர். பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும்படி பார்த்துப் பார்த்துச் செய்தேன். அந்தக் காலத்து இணைய வேகத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. படங்களின் கனத்தைக் குறைத்துக் குறைத்து என் கண் பூத்துப் போயிருந்தது.

அவர் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். முகம் சரியில்லை. வட்டம் எங்கே என்று கேட்டார். வட்டம் தேவையில்லை சார், பக்கம் உடனே வந்துவிடுகிறது என்றேன். அதுதான் பிரச்சினையாம். சரியென்று, திறக்க வேண்டிய பக்கத்தைத் திறக்காமல் பிடித்து வைத்து, முன்னால் ஒரு வட்டத்தைச் சும்மா சுற்ற விட்டேன். பொய் சொல்வதற்காக ஒரு வட்டம் செய்தது அதுதான் எனக்கு முதல் தடவை. அவருக்கு அப்படி ஒரு திருப்தி.

"பெரிய கம்பெனி சைட்டெல்லாம் சுத்துது. நம்மள்து மட்டும் டப்புன்னு தொறந்தா, உள்ள ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்க மாட்டானா?"

லாரிக்காரர்களுக்கு ஒரு வட்டம்

அடுத்து பாய் பிடித்தது பெரிய மீன். சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு தொழிற்சாலை. அங்கே கேட்டில் லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கிற பக்கத்தைச் செய்தோம். ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்டில் கிடந்து நொந்து வரும் டிரைவர்கள் இங்கே வந்து வரிசையில் நிற்பார்கள். கேட்டில் ஒரு திரை. உள்ளேயிருந்து பதில் வரும்வரை என் வட்டம் சுற்றும்.

இதில் ஒரு விஷயம் உண்டு, வெளியில் யாருக்கும் தெரியாது. அந்த வட்டத்துக்கும் உள்ளே நடக்கும் வேலைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது ஒரு படம். உள்ளே கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்குச் சுற்றும். ஒரு நாள் கேட் பக்கம் போனேன். உள்ளே இணைப்பே இல்லை. வட்டம் ஜோராகச் சுற்றுகிறது. டிரைவர்கள் வெயிலில் குந்திக்கொண்டு, இதோ வந்துவிடும் என்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே தொழிற்சாலை ஜி.எம்.மிடம் போனேன். கொஞ்ச நேரத்தில் பதில் வரவில்லை என்றால் வட்டத்தை நிறுத்திவிட்டு, 'இணைப்பு இல்லை, அலுவலகத்தில் கேட்கவும்' என்று எழுத்து வரும்படி செய்கிறேன், காசு வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். நல்லவிதமாகத்தான் சிரித்தார், அதுதான் இன்னும் மோசம்.

"நின்னுச்சுன்னா வந்து கேப்பான், மேடம். சுத்திக்கிட்டே இருந்தா உக்காந்திருப்பான்."

தலைகீழாகப் போன தண்ணீர்

பிறகுதான் உலை வேலை வந்தது. இரும்பை உருக்கும் உலையைச் சுற்றிச் செம்புக் குழாய் இருக்கும். அதற்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் செம்பு ஓட்டையாகும். தண்ணீரும் உருகிய இரும்பும் ஒன்றாகச் சேர்ந்தால் வெடிக்கும். அந்தத் தண்ணீர் ஓடுவதைத் திரையில் காட்ட வேண்டும். கண்ட்ரோல் ரூமிலும் தெரிய வேண்டும், சென்னையில் எம்.டி.யின் மேஜையிலும் தெரிய வேண்டும்.

குழாய்களைக் கம்ப்யூட்டரில் கோடுகளாக வரைந்தேன். ஒரு கோட்டைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, நடுவில் இடைவெளி விட்டு, துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனால் கோடு ஓடுவது போலத் தெரியும். தள்ளும் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் கோடு முன்னால் போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது பின்னால் போகும். எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது விழுந்து எழும் குழி. நானும் விழுந்தேன். தண்ணீர் உலையிலிருந்து கிளம்பி, பம்புக்குள் நுழைந்து, தொட்டியில் போய்ச் சேர்ந்தது. அந்த நிலையிலேயே போட்டுக் காட்டினோம். ஜி.எம். பார்த்தார், கூட இருந்த அதிகாரிகள் எல்லோரும் பார்த்தார்கள், கை தட்டினார்கள். பொன்னேரி தாண்டும்போது ரயிலில்தான் எனக்கே உறைத்தது. மறுநாள் ஓடிப்போய்த் திருப்பிப் போட்டேன். திருப்பிப் போட்டதையும் யாரும் கவனிக்கவில்லை. உலைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அந்த அறையில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்றால் என்ன அர்த்தம் சொல்லுங்கள்.

முதல் நாள் ஜி.எம். சொன்ன திருத்தம் ஒன்றே ஒன்று.

"ப்ளூ நல்லாருக்கு, மேடம். ஓடுறதுதான் இன்னும் கொஞ்சம் ஸ்பீடா ஓடட்டும்."

நின்றுபோன மானம்

இந்தத் தடவை நான் ஏமாறத் தயாராக இல்லை. பம்பிலிருந்து தகவல் வந்தால் மட்டும் கோடு ஓடும்படி செய்தேன். தகவல் வரவில்லை என்றால் கோடு அப்படியே நின்று சாம்பல் நிறமாகிவிடும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே யோக்கியமான படம் அது.

பம்பு அறையிலிருந்து வரும் ஒயர் சரியில்லை. எம்.டி. சென்னையிலிருந்து வந்து பார்த்த அன்று கோடு ஓடும், நிற்கும், சாம்பலாகும், மறுபடி ஓடும். ஒயரைச் சரிசெய்ய வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஜி.எம். சொன்னது வேறு: எப்போதும் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுங்கள், மானம் போகிறது. நான் முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். படத்துக்குக் கீழே 'இது படம் மட்டுமே' என்று ஒரு வரியாவது போடலாம் என்றேன். அசிங்கமாக இருக்கும் என்றார். ஆபீசுக்கு வந்து கரீம் பாயிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். எனக்கு டீ சொன்னார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, தகவல் வந்தால் மட்டும் கோடு ஓடட்டும் என்று நான் எழுதி அவருக்கும் கற்றுக்கொடுத்திருந்த ஒரு வரி புரோகிராமை, எப்போதும் ஓடும்படி அவரே மாற்றினார்.

"பேஜாரு பண்ணாதம்மா வசந்தி. அவங்க கேக்கறது படம். தண்ணிய நாமளா உடறோம்?"

மீட்டர் இருந்த இடம்

மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை போனபோது கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். முனிரத்தினம் அங்கேதான் டியூட்டி. ஆரம்பாக்கத்துக்காரர், ரயிலில் வருகிறவர். நான் போகும்போதெல்லாம் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, நாஷ்டா ஆச்சா என்று கேட்பார். அண்ணே, இந்தக் கோடு சும்மா ஓடுது, தண்ணி நின்னாலும் ஓடும், இதை நம்பாதீங்க, தண்ணி மீட்டரைப் பாருங்க என்று சொன்னேன். அவர் சுவரைக் காட்டினார். திரைக்குப் பக்கத்தில் சுவரில் வட்டமாக, மற்ற இடத்தைவிட வெள்ளையாக ஒரு தடம்.

"மீட்டர கயட்டினு பூட்டாங்கம்மா. அதுக்குப் பதிலாத்தான உங்க படம்?"

பார்த்துக்கொண்டேதான் இருந்தார்

வெளியே வந்து ஜி.எம்.மிடம் மீட்டரைத் திரும்ப மாட்டுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' எத்தனை பேரைக் கொன்றிருக்கிறதோ.

கோடை நடுப்பகலில் பம்பு நின்றது. திரையில் கோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அவர்கள் கேட்ட ஸ்பீடில். தண்ணீர் நின்றால் உலை தானாக அணைய வேண்டும். அடிக்கடி அணைந்து உற்பத்தி கெடுகிறது என்று அந்த ஏற்பாட்டையும் கழற்றிப் போட்டிருந்தார்கள். முனிரத்தினத்துக்குத் தண்ணீர்க் குழாயின் ரப்பர் கருகும் வாடை வந்தது. எழுந்து ஓடினார். உலைப் பக்கம் நின்றவர்களைக் கத்தி விரட்டினார். மெயின் ஸ்விட்சை இழுக்கும்போது உலையில் இருந்த இரும்பு வெடித்துத் தெறித்து, முழங்கையிலிருந்து விரல்வரை இடது கை வெந்துபோனது. வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கட்டு பிரிப்பதற்கு முன்பே மெமோ வந்துவிட்டது. திரையைக் கவனிக்காமல் அலட்சியமாக இருந்தாராம். ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்தக் காகிதத்தை அவர் மனைவி என்னிடம் கொடுத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் போல இருந்தது. முனிரத்தினம் என்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை. வேலை போய்விட்டால் என்ன செய்வது என்பது ஒன்றுதான் அவர் முகத்தில் இருந்தது.

"பாத்துக்கினேதாம்மா இருந்தேன். கோடு ஓடிக்கினேதான் இருந்திச்சி."

ஒயர்

விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே போனேன். போகாதே, கஸ்டமர் போய்விடுவான் என்று பாய் சொன்னார். போனேன். எம்.டி. வந்திருந்தார். ஜி.எம். என் படத்தைத் திரையில் போட்டு, இவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது சார், இதைக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறார் என்று விளக்கிக்கொண்டிருந்தார். முனிரத்தினம் கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஓரமாக நின்றார். உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லை.

நான் நேரே கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய், பம்பு அறையிலிருந்து தகவல் வரும் ஒயரைப் பிடுங்கி, மேஜைமேல் எம்.டி.க்கு முன்னால் வைத்தேன். கோடு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், ஒயரைப் பார்த்தார்கள், மறுபடி திரையைப் பார்த்தார்கள். நீலத் தண்ணீர் குளுகுளுவென்று உலைக்குப் போய்க்கொண்டே இருந்தது. யார் இப்படிச் செய்தது என்று எம்.டி. கேட்டார். வாசலிலிருந்து பதில் வந்தது. கரீம் பாய். எனக்குப் பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்தப் பொண்ணு மாட்டேன்னுச்சு சார், நான்தான் மாத்தினேன், மாத்தச் சொன்னது உங்க ஜி.எம். சார் என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவர்மேல் இருந்த கோபத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டேன். மீதி இன்னும் இருக்கிறது.

ஜி.எம். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இவ்ளோ டேஞ்சர்னு முன்னாடியே தெளிவா சொல்லியிருக்கணும், மேடம்."

கேட்டில்

மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மீட்டர் பழைய இடத்துக்கு வந்தது. ஆனால் படத்தை எடுக்கவில்லை, வருகிற விருந்தாளிகளுக்கு அது பிடித்திருக்கிறதாம். எங்களுக்கு அந்தத் தொழிற்சாலை ஆர்டர் அதோடு முடிந்தது. ஜி.எம்.முக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகும் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால், நீங்கள் எங்கும் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம்.

முனிரத்தினத்தின் விரல்கள் முழுசாக மடங்கவில்லை. உலை வேலைக்கு ஆகாது என்று கேட்டில் லாரி டோக்கன் கொடுக்க உட்கார வைத்தார்கள். ஒரு நாள் அந்த வழியாகப் போகும்போது எட்டிப் பார்த்தேன். திரைக்கு நடுவில், என் வட்டம் சுற்றுகிற இடத்தில், பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து ஒட்டியிருந்தார். டிரைவர்கள் யாரும் வெயிலில் குந்தியிருக்கவில்லை. மர நிழலில் படுத்திருந்தார்கள். இது என்னண்ணே என்று கேட்டேன். நல்ல கையால் போனை எடுத்து உள்ளே யாரையோ கூப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

"அது சுத்தட்டும்மா, அது உங்க பொயப்பு. நான் உள்ள கேட்டு சொல்றேன், இது லாரிக்காரங்க பொயப்பு."

அன்றிலிருந்து எந்தத் திரையில் எது சுற்றினாலும் எது ஓடினாலும், முதலில் பின்பக்கம் போய் ஒயர் சொருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் முன்பக்கம் வந்து அழகைப் பார்க்கிறேன்.