குடலைக் கழுவ வந்தவர்கள்

எங்கள் தொழிலில் ஆட்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வது ரொம்பக் கம்மி.

திண்டுக்கல்லில் ஒரு டாக்டரம்மாவின் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஊசி போட்டேன், கட்டுக் கட்டினேன், ராத்திரி பகல் பாராமல் பிரசவம் பார்த்தேன். ஆனாலும் ஜனங்கள் எனக்கு வைத்த பெயர் 'எனிமா சிஸ்டர்'. பஸ் ஸ்டாண்டில் யாராவது என்னைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டால், என் கையால் ஒரு தடவை குடலைச் சுத்தம் செய்துகொண்டவர் என்று தெரிந்துகொள்வேன். நானும் பஸ் போர்டு படிப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை. டாக்டரம்மா மகளோடு வெளியூர் போய்விட்டார். அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. நான் ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறேன். அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் பினாயில் வாசனை வருகிறதா என்று மூக்கு தேடும். வெள்ளை எனாமல் டப்பா, சிவப்பு ரப்பர் குழாய், வெந்நீர் அண்டா எல்லாம் கண்முன் வரும். யாருக்கும் சொல்லிக்கொள்ள முடியாத ஏக்கம் இது. உங்களுக்கென்ன, நீங்களும் வயிறு என்ற ஒன்றைச் சுமந்துகொண்டு திரிகிறவர்கள்தானே, உங்களிடம் சொல்லலாம்.

தென்னையும் மனுஷனும்

ஆபரேஷனுக்கு முன்னால், இல்லாவிட்டால் நாலைந்து நாளாக வயிறு போகாமல் தவிக்கிறவர்களுக்கு, இதற்குத்தான் டாக்டரம்மா எனிமா எழுதுவார். ஆனால் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு கோளாறும் இருக்காது. சும்மா ஒரு தடவை உள்ளே கழுவிவிட்டால் உடம்பு லேசாகும், முகம் தெளியும், வயசு குறையும் என்று நம்பி வருவார்கள்.

அந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவர் பெருமாள் அண்ணன். சேவுகம்பட்டியில் தேங்காய் வியாபாரம். சர்க்கரை வியாதிக்காக எங்களிடம் வந்துகொண்டிருந்தார். அமாவாசைக்கு அமாவாசை விடிந்ததும் நிலாவாரைப் பொடியைக் கரைத்துக் குடித்து, அதன் மேல் விளக்கெண்ணெயையும் ஊற்றிக்கொண்டு, நாள் முழுக்கப் பேதியாவார். அமாவாசையில் கடல் பொங்குகிற மாதிரி வயிற்றில் உள்ள விஷமெல்லாம் பொங்கிவிடுமாம், அன்றைக்குக் கழுவினால்தான் முழுசாகப் போகுமாம். அது போதாதென்று எனிமாவும் வேண்டும் என்று வந்து நிற்பார்.

டாக்டரம்மா அவரை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "குடல்ல வருசக் கணக்கா விஷம் எதுவும் தேங்கி நிக்காதுங்க. தினமும் வெளிய தள்றதுதான் அதோட வேலை. நீங்க கழுவுறேன் கழுவுறேன்னு உடம்புல இருக்கிற தண்ணியையும் உப்பையும் சேத்து வெளியேத்துறீங்க. சர்க்கரைக்காரர் வேற. வேணாம்." பெருமாள் அண்ணன் தலையைத் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்:

"தென்னைக்கே வருசத்துக்கு ஒருக்கா மட்டையக் கழிச்சு விடுறோம் டாக்டரம்மா. மனுசனுக்கு வேணாமா?"

தண்ணீர் வருகிற நாள்

பெருமாள் அண்ணனாவது அமாவாசை பார்த்தார். எங்கள் ஊருக்குள் இருப்பவர்கள் பார்ப்பது வேறு நாள். திண்டுக்கல்லில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். துணி ஊற வைப்பது, விருந்துக்கு ஆள் கூப்பிடுவது எல்லாமே அதை வைத்துத்தான். பேதி மருந்து சாப்பிடுவதும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரிக்கு எதிர் வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார் குடும்பம். லீவு விட்டதும் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என நாலு பேரும் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்து அதிகாலையில் விளக்கெண்ணெய் குடித்துவிட்டார்கள். அன்றைக்கென்று எங்கேயோ மெயின் குழாய் உடைந்துவிட்டது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. செத்த நேரத்தில் நாலு பேரும் வரிசையாக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். வாத்தியாரிடம் அடிவாங்கிப் படித்த பையன் ஒருவன் காய்ச்சலென்று வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் பயபக்தியோடு எழுந்து நின்று, எப்படி இருக்கிறீர்கள் சார் என்று நிதானமாக விசாரிக்க ஆரம்பித்தான். வாத்தியார் அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் கையை நீட்டினார்:

"விசாரிப்பெல்லாம் அப்பறம் வச்சுக்கலாம். மொதல்ல பாத்ரூம் சாவியக் குடுங்க சிஸ்டர்."

கல்யாணப் பெண்

நத்தத்திலிருந்து ஒரு பெண்ணை அவள் சித்தி அழைத்து வந்தாள். அடுத்த வாரம் கல்யாணம். உள்ளே இருக்கிற கழிவு போனால் முகம் பளபளக்கும் என்று சித்தி செல்போனில் பார்த்திருக்கிறாள். தோலுக்கும் குடலுக்கும் அப்படி ஒரு சம்பந்தமும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார். சித்தியின் முகம் அப்போதே கோணிப்போனது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அதே பெண்ணைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். கூரியரில் ஏதோ பொடி வரவழைத்து மூன்று வேளையும் கொடுத்திருக்கிறார்கள். உதடு காய்ந்து, கண் உள்ளே போய், நாடியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. உடம்பில் உப்பு இறங்கிவிட்டது. நான் சலைன் ஏற்றிக்கொண்டிருந்தேன். மருதாணி வைத்த கையில் நரம்பைத் தேடும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சித்தியைப் பிடித்து நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண்ணே கண்ணைத் திறந்து மெதுவாகச் சொன்னாள்:

"சித்தியத் திட்டாதீங்க சிஸ்டர். பொண்ணு நல்லா வெளுத்துருச்சுன்னு மாப்ள வீட்ல ஒரே சந்தோசம்."

அதுக்குப் பேர் மயக்கமில்லை

ஒரு அமாவாசையன்று மத்தியானம் பெருமாள் அண்ணனை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வேர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லை. கூடவே அவர் சம்சாரம் செல்வி அக்கா. சர்க்கரையைப் பார்த்தால் அடிமட்டத்தில் கிடக்கிறது. குளுக்கோஸை ஏற்றிவிட்டு, என்ன நடந்தது என்று அக்காவிடம் விசாரித்தோம். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார், அதைச் சொல் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். காலையில் சர்க்கரை மாத்திரையை விழுங்கியிருக்கிறார். பேதி நாளாச்சே என்று சோற்றைத் தொடவில்லை. வயிற்றில் இருந்ததும் போயாச்சு. மாத்திரை மட்டும் உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்று டாக்டரம்மா அவர் கண் விழித்ததும் முகத்துக்கு நேராகவே சொன்னார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணன் சாவகாசமாகத் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அது மயக்கமில்ல தங்கச்சி. விசம் எறங்குறப்ப அப்புடித்தான் இருக்கும்."

காப்பி

இது நம்ப மாட்டீர்கள். கொடைரோட்டிலிருந்து ஒரு பையன் வந்தான், படித்தவன், நல்ல வேலையில் இருப்பவன். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறான். காப்பியைக் குழாய் வழியாகப் பின்பக்கம் ஏற்றினால் ஈரல் சுத்தமாகும் என்று யாரோ வீடியோவில் சொல்ல, வீட்டிலேயே போட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறான். ஆறவிடவும் பொறுமை இல்லை. உள்ளே வெந்துபோயிருந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார். அவன் அவசரமாக விளக்கினான்:

"சக்கரை போடல டாக்டர்."

பக்கத்து இலை

மயங்கி விழுந்தும் பெருமாள் அண்ணன் விடவில்லை. சில மாதம் கழித்துச் செல்வி அக்கா மட்டும் தனியாக வந்தார். டாக்டரம்மாவிடம் போகாமல் என்னை வராந்தா ஓரத்துக்குக் கூப்பிட்டார். அண்ணனுக்கு மலத்தோடு ரத்தம் போகிறது. சூடு என்று சொல்லி இன்னும் கூடுதலாக விளக்கெண்ணெய் குடிக்கிறார்.

ஏன்க்கா இந்த மனுஷன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அண்ணனின் அப்பா குடலில் கட்டி வந்து இறந்தவர். கொடைரோட்டில் ரயிலேற்றி மதுரைக்குக் கொண்டுபோய், அங்கே வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று தைத்து அனுப்பிவிட்டார்கள். கூடப் போனவர் பெருமாள் அண்ணன். அப்பா மாதிரியே தன் வயிற்றிலும் அது சேர்ந்துவிடும் என்று அன்றைக்குப் பிடித்த பயம். அதைத்தான் மாதா மாதம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். இவ்வளவு நாள் அவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததை நினைத்தபோது மனசு கனத்துவிட்டது. அக்கா கிளம்பும்போது சொன்னதை இன்னும் மறக்கவில்லை:

"அமாவாசையானா மாமனாருக்கு எலை போட்டுப் படைக்கிறேன் சிஸ்டர். பக்கத்துல மகனுக்கு ஒரு எலை போட முடியல. அவரு அன்னைக்குப் பூரா கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்துக்கிட்டு இருக்காரு."

அனுபவசாலி

நான் போய்ச் சொன்னதும் மறுநாளே டாக்டரம்மா அண்ணனை வரவழைத்தார். இந்தத் தடவை திட்டவில்லை. "உங்க அப்பாவுக்கு வந்தது கழுவினாப் போறது இல்லீங்க. உள்ள பாத்தாத்தான் தெரியும். சீக்கிரம் பாத்தா எடுத்துரலாம்" என்றார். மதுரையிலிருந்து வாரம் ஒரு நாள் கேமரா குழாயோடு ஒரு டாக்டர் எங்களிடம் வருவார். அண்ணன் தரையைப் பார்த்தபடி, அப்பாவுக்கும் பாத்தாங்கல்ல, பாத்துட்டுத்தானே தச்சாங்க என்றார். அப்பாவைக் காட்டியது கடைசியில், நீங்கள் காட்டுவது முதலில் என்று டாக்டரம்மா சொன்னார். அக்கா அவர் தோளைத் தொட்டார். சரி என்று ஒரு வார்த்தை வந்தது.

அந்தப் பரிசோதனைக்கு முன்னால் குடலைக் காலி செய்யத்தான் வேண்டும். அதற்கு மருந்து இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தி, அவரை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, நான் பக்கத்திலிருந்து தம்ளர் தம்ளராகக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தார், இதில் எனக்கு உன்னைவிட சர்வீஸ் ஜாஸ்தி தங்கச்சி என்று சிரித்தார். உள்ளே அழைத்துப் போனபோது அந்தச் சிரிப்பு இல்லை. வெளியே பெஞ்சில் நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு அக்காவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குடலின் உள்சுவரில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு சதை வளர்ந்திருந்தது. ரத்தம் வந்தது அதிலிருந்துதான். குழாய் வழியாகவே அதை எடுத்துவிட்டார்கள். பரிசோதனை முடிவும் நல்லபடியாக வந்தது, புற்று இல்லை. விட்டிருந்தால் போகப்போக அப்படி மாறியிருக்கும் என்று மதுரை டாக்டர் சொன்னார். அக்கா அழுதார், நானும் அழுதேன். அண்ணன் மட்டும் கேமரா எடுத்த படத்தை இப்படியும் அப்படியும் திருப்பி வெகுநேரம் பார்த்தார்:

"அம்புட்டு வெளக்கெண்ணெய்க்கும் அசையாம ஒக்காந்திருக்கு பாரு தங்கச்சி."

இப்போது

அதன் பிறகு அவர் பேதி மருந்து எடுப்பதில்லை. டாக்டர் சொன்ன தவணைக்கு மதுரை போய்க் காட்டிவிட்டு வருகிறார். போன அமாவாசைக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி போனாலும் அந்த உறவு போகவில்லை என்பதில் எனக்குக் கொள்ளை சந்தோஷம். அப்பா படத்துக்கு முன்னால் ஒரு இலை, அதன் பக்கத்திலேயே அண்ணனுக்கு ஒரு இலை. காக்காய்க்கு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வாழைக்காய், பூசணிக்காய், வடை என்று ஒவ்வொரு வெஞ்சனமாக அக்கா பரிமாறிக்கொண்டே வந்தார். அண்ணன் பக்கத்து இலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்:

"அப்பன் கூட ஒக்காந்து சாப்ட்டு எம்புட்டு வருசமாச்சு. எனக்கு இன்னொரு வடை வையி செல்வி."

வயிறு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது, அந்த வயிற்றை வைத்துக்கொண்டு பயந்து கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.