பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் ஜீவானந்தம் நல்ல மனுஷன். ஆனால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டுவது தொழில். மற்ற நேரமெல்லாம் போட்டோ. சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் கேமராவோடு போய் நின்றுவிடுவார். பத்து வருஷப் படங்கள் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன. இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

போன ஐப்பசியில் ஒருநாள் திறந்தால் பாதிப் படங்களைக் காணோம். வந்தவையும் உருப்படியாக வரவில்லை. ஒரு மாப்பிள்ளைக்கு மார்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ஒரு மணப்பெண்ணின் கழுத்துக்குக் கீழே வேறு கல்யாணத்துச் சமையல்காரரின் தொப்பை. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வடிவேலு சித்தப்பாவும் சிரிக்கவில்லை.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி, அடுத்த வீட்டுக்காரர். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம். ஒரு கல்யாணத்தில் அவர் பல் தெரியச் சிரித்தபோது எடுத்தது. தான் செத்தால் கண்ணீர் அஞ்சலி பேனரில் அதைத்தான் போட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். வாரம் ஒருமுறை வந்து, படம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். சாமை மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிற மனுஷனுக்கு இப்போதே என்ன அவசரம் என்று கேலி பண்ணவும் முடியாது. ரெண்டு வருஷத்துக்கு முன் ரஞ்சிதம் சித்தி இறந்தபோது ஒரு படமும் அகப்படவில்லை. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பேனர் அடித்தோம். துக்கத்துக்கு வந்தவர்களே அதைப் பார்த்து யார் இந்த அம்மா என்று கேட்டார்கள். சித்தப்பா அன்று அழுததில் பாதி அதற்காகத்தான்.

என் வீட்டுக்காரர் வைத்தியத்தைத் தொடங்கினார். அணைத்துவிட்டுப் போட்டார். அணைத்து, டீ குடித்துவிட்டுப் போட்டார். பெட்டியின் தலையில் ரெண்டு தட்டும் தட்டினார். கடைசியில் திருப்பத்தூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மோகனைக் கூப்பிடுவதென்று முடிவானது. எங்கள் வீட்டில் டவர் கிடைக்காது. பின்னாலிருக்கும் பாறைமேல் ஏறினால்தான் உண்டு. ஆகவே போனோடு அவர் பாறையில், கம்ப்யூட்டர் முன்னால் நான், நடுவே சித்தப்பா. மோகன் கேட்பதை இவர் கத்துவார், சித்தப்பா அதை எனக்குக் கத்துவார், நான் பதிலைத் திருப்பிக் கத்துவேன். அரை மணி நேரத்தில் எங்கள் கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக் கெங்கம்மாள் அக்கா வந்து, கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு ரெண்டு நாள் பட்டினி போடச் சொன்னார்.

பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே என்ன தெரிகிறது என்று பார்க்கச் சொன்னார் மோகன். கழற்றினேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சித்தப்பா, உள்ள சந்தனம் கீது, குங்குமம் கீது, காஞ்சிபோன எலுமிச்சம்பழம் ஒன்னு கீதுன்னு சொல்லுங்க."

சித்தப்பா அதை அப்படியே கத்தினார். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி வந்தார். ஆயுத பூஜைக்கு ஜீப்புக்குச் செய்கிற மரியாதையைக் கம்ப்யூட்டருக்கும் செய்தாராம். வெளியே பொட்டு வைத்தால் தகரத்துக்குத்தானே சேரும், உழைக்கிறவன் உள்ளேதானே இருக்கிறான் என்றார். மூன்று வருஷமாக, ஹார்ட் டிஸ்க்கில் வயர் செருகும் இடத்தில் சந்தனத்தை அப்பி, மேலே தீர்த்தமும் தெளித்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மறுநாள் ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பா ஜீப்பில் ஏறினார். நானும் போனேன். மோகன் பல் துலக்கும் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, தன் கம்ப்யூட்டரில் படங்களை மீட்கிற ஏதோ ஒரு புரோகிராமை ஓடவிட்டார். மத்தியானத்துக்குமேல் சித்தப்பாவின் படம் வந்தது. நெற்றி வந்தது, புருவம் வந்தது. அதற்குக் கீழே சாம்பல். இதற்குமேல் வராது என்று மோகன் சொல்லிவிட்டார். சித்தப்பா மடியிலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு என் வீட்டுக்காரரை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

மீட்பு வேலை அதோடு நிற்கவில்லை. சரியில்லை என்று இவர் எப்போதோ அழித்துப்போட்ட படங்களையும் தோண்டி எடுக்க ஆரம்பித்தது. கண் மூடியவர்கள், கொட்டாவி விட்டவர்கள், வேட்டியை அவிழ்த்துக் கட்டுகிறவர்கள். அவர்களுக்கு நடுவே, பந்தியில் ரஞ்சிதம் சித்தி. வாய் நிறையச் சோறு, ஒரு கன்னம் உப்பி, கையில் பாதி அப்பளம். யாரையோ பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். படம் ஒரு குறையும் இல்லாமல் முழுசாக இருந்தது. மென்றுகொண்டிருந்ததால் அழித்துவிட்டேன் என்று இவர் முணுமுணுத்தார்.

சித்தப்பா திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"இன்னாத்த இப்டி அடைச்சினு கீறா பாரு," என்றவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். "என்னுது வேணாம் மாப்ள, எனக்கு ஆதாரே போதும். இவ படத்த பெரிசா போட்டுக் குடு."