பதினைந்தாவது மார்கழி

சகோதர சகோதரிகளே, பதினைந்து வருடமாக ஒரு பயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இந்தச் சபையில் உங்களோடு பாடினேன். இன்று அதைச் சொல்லிவிடுகிறேன்.

1942 மார்கழியில் என் கணவருக்கு நெருப்புக் காய்ச்சல். கலியாணம் முடித்து ஏழு மாதம்தான். கல்முனையில் வைத்தியர் கையை விரித்துவிட்டார். கட்டில் பக்கத்தில் முழங்காலில் நின்றபோது வேதத்தில் வரும் எசேக்கியா ராஜா நினைவுக்கு வந்தார். சாகக் கிடந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். ஆண்டவர் பதினைந்து வருடம் கூட்டிக் கொடுத்தார். ராஜாவுக்குக் கொடுத்ததை எனக்கும் தாரும் என்று கேட்டேன். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மூன்று நாள் இருக்கக் காய்ச்சல் விட்டது.

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். பிறகுதான் பயம் பிடித்தது. ஆண்டவர் சொல் தவறாதவர். ராஜாவுக்குப் பதினைந்து என்றால் பதினைந்துதான். அப்படியென்றால் எனக்கும் அவ்வளவுதானே? முப்பது என்று கேட்டிருக்கக் கூடாதா? ஒவ்வொரு மார்கழியும் ஒன்று குறைந்தது. என் கணவரிடம் மூச்சு விடவில்லை.

1957 மார்கழி வந்தது. அந்த வெள்ளத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சரியாகக் காய்ச்சல் விட்ட அதே நாள் காலையில் நான் அண்ணனாக நினைக்கும் பக்கத்து வளவு இஸ்மாயில் காக்கா தோணியோடு வந்து நின்றார். வயல் பக்கம் ஆட்கள் பரணில் ஏறித் தவிக்கிறார்களாம். என் கணவர் தோணி செய்கிற தச்சன். ஆனால் நீந்தத் தெரியாது.

"இண்டைக்கு மட்டும் போகாதீங்க."

"ஏன் புள்ள இப்பிடிப் பயப்பிடுறாய்? காக்கா இருக்காருதானே."

காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. போய்விட்டார்.

பின்னேரம், ஒரு தோணி கவிழ்ந்துவிட்டதாக றோட்டில் கதை வந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். முழங்கால் தண்ணீரில் இறங்கிக் காக்காவின் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவி ராத்தாவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நான் கேட்ட பதினைஞ்சு வருஷம் இண்டையோட முடியுது ராத்தா. அவர் வரமாட்டார்."

ராத்தா என்னையே பார்த்தார். "உன்ட மனுசனுக்கு நீ கணக்கு வச்சிரிக்காய். என்ட மனுசனும் அதே தோணியிலதானே புள்ள இரிக்காரு?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. காலையிலிருந்து காக்காவுக்காக ஒரு சொல் நான் ஜெபிக்கவில்லை. ராத்தா தொழுகைப் பாயை விரித்தார். நான் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். ரெண்டு பேரையும் தாரும் என்று மட்டும் கேட்டேன். எத்தனை வருடம் என்று கேட்கவில்லை.

பொழுதுபட்டு மஃரிப் வாங்கு சொல்லும் நேரம் இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். கவிழ்ந்தது அவர்களுடைய தோணிதான். தாழப்போன என் கணவரைக் காக்கா சட்டையில் பிடித்து இழுத்து ஒரு மருத மரத்தில் ஏற்றியிருக்கிறார். வேறு தோணி வரும்வரை பிடித்த பிடியை விடவில்லை.

மறுநாள் என் கணவரிடம் எல்லாம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் வேதத்தை எடுத்து அந்த இடத்தை வாசிக்கச் சொன்னார். பதினைந்து வருடம் என்றதோடு நிறுத்தினேன்.

"நிப்பாட்டாத. மிச்சத்தையும் வாசி."

அதே வசனம் இன்னும் போகிறது. அந்த நகரத்தையும் எதிரியின் கைக்குத் தப்புவிப்பதாக, தம்முடைய தாசன் தாவீதுக்காக அதைக் காப்பதாக, ஆண்டவர் சொல்கிறார். தாவீது செத்து எத்தனையோ தலைமுறை. அவருக்குக் கொடுத்த வாக்கு அப்போதும் முடியவில்லை. நான் பாதி வசனத்தில் நின்றுகொண்டு பதினைந்து வருடம் நடுங்கியிருக்கிறேன்.

பயம் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மழை இருட்டினால் இப்போதும் பழைய கணக்கு நினைவில் வரும். அப்போது ராத்தா வீட்டையும் சேர்த்துக் கேட்பேன். நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். சொன்னதைச் செய்கிறவர், சொன்னதற்கு மேலும் தருவார். நீங்களாக ஒரு எல்லையைப் போட்டுவிட்டு என்னைப்போல் தவிக்காதீர்கள்.

என் கணவர் அதோ கடைசி வரிசையில் இருக்கிறார். இது எத்தனையாவது வருடம் என்று என்னைக் கேட்காதீர்கள்.