கணக்கெடுப்பு அன்று நான் பக்கத்து வீட்டுக்காரன்

தாராவியில் எங்கள் சந்தில் கூட்டம் தாங்கவில்லை என்று தினமும் காலையில் கத்துகிற ஆள் நான். எதிர்வீட்டு மாடிக்குப் போகிற இரும்பு ஏணி சரியாக என் வாசலில் வந்து இறங்குகிறது. அந்த மாடியில் பீகார்க்காரர்கள் எட்டுப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். பை தைக்கிற பட்டறையில் வேலை. காலையில் எட்டுப் பேருடைய பக்கெட்டும் ஏணிக்கடியில், அதாவது என் வாசற்படியில், வரிசையாக நிற்கும். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அரே பையா, பஹுத் கர்தி ஹோ கயா!" என்பேன். கர்தி என்றால் கூட்டம். ஹிந்தியில் நான் தைரியமாகப் பேசுகிற ஒரே வாக்கியம் அது. அதுவும் தப்பு என்கிறாள் என் மகள்.

அதே அளவு அறையில் சின்ன வயதில் நாங்கள் ஒன்பது பேர் படுத்திருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முதலில் வந்தார். பின்னாலேயே சித்தப்பா, சித்தப்பாவின் மச்சினன், அந்த மச்சினனுடைய பங்காளிகள். பத்து வருஷத்தில் சந்து முழுக்க ஒரே ஊர், ஒரே சொந்தம். அப்போது எங்களைப் பார்த்தும் யாராவது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தியிருப்பார்கள். இப்போது என் வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். மகள் மும்பையின் கோடியில், முலுண்டில் பிளாட்டில் இருக்கிறாள், அவளுக்கு ஒரே குழந்தை. இன்னொன்று பெற்றுக்கொள்ளேன் என்று வாயெடுத்தால், "ஸ்கூல் பீஸ் நீங்க கட்டுறீங்களாப்பா?" என்பாள். நான் உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

எனக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஊரில் பாதிப் பேருடைய ஆதார் கார்டை நான் பார்த்திருக்கிறேன். தாராவியை இடித்துக் கட்டுவதற்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் கடையில் கூட்டம் அலைமோதியது. ஒவ்வொருவருக்கும் நகலோடு இலவச ஆலோசனையும் கொடுத்தேன்: கதவில் நம்பர் எழுதினால் இங்கேயே வீடு கிடைக்கும், எழுதாவிட்டால் முலுண்டுக்கும் அந்தப் பக்கம் எங்கேயோ அனுப்பிவிடுவார்கள். வீடு பூட்டியிருந்தால் நம்பர் கிடையாது. ஆகவே யாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயும் போய்விடாதீர்கள்.

எங்கள் சந்தே பூட்டிக்கொண்டு போயிருந்த வாரத்தில்தான் அவர்கள் வந்தார்கள்.

ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அந்த ஒரு வாரம் எங்கள் சந்தில் ஆள் இருக்காது. உலகத்திலேயே நெரிசலான இடம் என்று வெளிநாட்டுக்காரன் வந்து போட்டோ எடுக்கிற சந்தில் பூனை மட்டும் நடந்து போகும். போகாமல் தங்குகிறவரிடம் எல்லோரும் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். இந்த வருஷம் தங்கியது நான். ரயில் டிக்கெட் பதிவு தொடங்கிய அன்று காலை எட்டு மணிக்கு, வேறு யாருக்கோ பான் கார்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். கடையில் கரன்ட் போய் வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. மனைவி தன் தங்கை குடும்பத்தோடு போய்விட்டாள். பதினோரு வீட்டுச் சாவியோடு நான் மட்டும் இருந்தேன்.

காலை ஒன்பது மணிக்கு, கையில் டேப்லெட்டோடு ஒரு மராட்டிப் பெண்ணும், பெயின்ட் டப்பாவோடு ஒரு ஆளும் சந்துக்குள் வந்தார்கள். முதல் வீடு பூட்டியிருந்தது. அது என் மச்சானுடையது. மாட்டுங்காவில் சைக்கிளில் இட்லி விற்கிறவர். அந்தப் பெண் டேப்லெட்டில் 'பூட்டிய வீடு' என்று தட்டப் போனாள். நான் ஓடிப்போய்ச் சாவியைப் போட்டுத் திறந்தேன்.

"வீடு உங்களுடையதா?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

இல்லை என்றால் மச்சானுக்கு நம்பர் போய்விடும். தலையை ஆட்டினேன். ஆதார் கேட்டாள். ஆதார் என்று யாராவது சொன்னால் என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போகும்; எப்போதும் நாலு நகல் வைத்திருப்பேன். அவள் எண்ணைத் தட்டினாள், கதவோடு சேர்த்து என்னைப் போட்டோ எடுத்தாள். கதவில் நம்பர் விழுந்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு அடுத்த வீட்டுக்கு ஓடி அதையும் திறந்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சாவிக்கொத்தைப் பார்த்தாள். அப்புறம் எந்த வீட்டையும் என்னைத் திறக்கவிடவில்லை. ஒவ்வொன்றாகப் 'பூட்டிய வீடு' என்று தட்டிக்கொண்டே வந்து ஒன்பதாவது கதவில், என் கதவில், நின்றாள்.

"இதுதான் மேடம் நிஜமாவே என் வீடு" என்றேன்.

"ஒரு ஆளுக்கு ஒரு வீடுதான்" என்றாள். டேப்லெட்டும் அதையே சொன்னது. எட்டு நாள் கழித்து மறுபடி வருவேன், அன்றைக்கும் தீராவிட்டால் உங்கள் வீடு 'ஆள் இல்லை' என்றே போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மச்சானுக்குப் போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம்.

"மாப்ள, எங்க வீட்ட அமுக்கிட்டீரா?"

"வெளையாடாதேயும் மச்சான். நீரு வந்து ஒம்ம வீட்ட வாங்கிக்கிட்டாத்தான் எனக்கு என் வீடு."

"இன்னும் சாமியாட்டமே முடியலவே. சரி, வாரேன். அதுவரைக்கும் எம் பொண்டாட்டியோட இட்லி சட்டிய மட்டும் தொட்டுறாதேயும்."

போன் கைமாறி என் மனைவியிடம் போனது. "ஊரு பூராவுக்கும் புத்தி சொன்னீங்களே, இப்ப என்ன பண்ணுதீங்க?"

"பக்கத்து வீட்டுல இருக்கேன்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த ஒரு வாரமும் நான் யாருக்கும் ஆலோசனை சொல்லவில்லை. அப்பா பிடித்த இடம், ஒன்பது பேர் படுத்த இடம், ஒரு தலையாட்டலில் போய்விடும்போல இருந்தது. கொடை முடிவதற்குள் மச்சானும் என் மனைவியும் ஜெனரல் பெட்டியில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

சொன்ன நாளில் அந்தப் பெண் வந்தாள். மச்சான் காகிதங்களைக் காட்டியதும் முதல் வீட்டிலிருந்து என்னை நீக்கினாள். இப்போது எந்த வீட்டிலும் நான் இல்லை.

"இந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?"

மின்சார பில்லை நீட்டினேன். அது இன்னும் அப்பா பெயரில் வருகிறது. அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம். பெயரை மாற்றக் கேட்கும் விண்ணப்பத்தை நூறு பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், எனக்கு எடுக்கவில்லை.

"அப்படியானால் சாட்சி வேண்டும். சொந்தக்காரர்கள் செல்லாது."

சந்தே என் பின்னால் நின்றது. மச்சான், சித்தப்பா மகன், அத்தான், மைனி. அவள் ஒவ்வொருவரிடமும், இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். எல்லோருக்கும் நான் என்னவோ வேண்டியிருந்தது.

"ஒரு வெளியாள்கூடவா இல்லை?" என்றாள்.

மேலே ஏணி ஆடியது. பீகார்க்காரர்களில் மூத்தவர் பக்கெட்டோடு இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"இவரா? இதே வாசலில் நின்றுகொண்டு தினமும் காலையில் கர்தி, கர்தி என்று கத்துவார் மேடம். மூன்று வருஷமாகக் கேட்கிறோம். ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டார்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை எழுதினாள். அவருடைய ஆதாரை வாங்கி எண்ணைத் தட்டினாள். பிறகு, "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேர்."

"இரண்டே பேரா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். மற்றவர்களை எங்காவது ஒளித்துவைத்திருக்கிறேனோ என்ற சந்தேகம்.

கதவில் நம்பர் விழுந்தது. மனைவி பெயின்ட் காய்கிறவரை பக்கத்திலேயே நின்றாள். நான் ஏணியைக் காட்டி, "மேல எட்டுப் பேர் இருக்காங்க மேடம், அவங்களுக்கு?" என்று கேட்டேன். மாடிக்காரர்களுக்கு வேறு பட்டியல், அதில் என்ன கிடைக்கும் என்று தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனாள். எனக்குச் சாட்சி சொன்னவர் அதைக் கேட்டுக்கொண்டே குழாயடிக்குப் போனார்.

மறுநாள் காலையில் எட்டு பக்கெட்டும் என் வாசற்படியில் நின்றன. நான் லுங்கியை மடித்துக் கட்டினேன், வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

மேலேயிருந்து, சாட்சி சொன்னவரின் குரல் வந்தது. "க்யா சாச்சா, உடம்பு சரியில்லையா?" சாச்சா என்றால் சித்தப்பா.

"கர்தி" என்றேன், மெதுவாக.

"ஜோர் சே, சத்தமாக, சாச்சா! நாளைக்கு மறுபடி சாட்சி கேட்டால் நான் என்ன சொல்வது?"

அதனால் கத்தினேன்.